மாருதி 800: ஆடிக்கொண்டிருந்த கியர் ராடைச் சரிசெய்தது

நியூட்ரலில் நிற்கும்போதே கியர் லீவர் ஆடுகிற பல் மாதிரி நாலு பக்கமும் ஆடும். முதல் கியர் என்று நினைத்துத் தள்ளினால் மூன்றாவதில் விழும். சிக்னலில் பச்சை விழுந்து கிளட்சை விட்டால் வண்டி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோகும். பின்னாடி நிற்கிற ஆட்டோக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும். ரிவர்ஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேம்பாலத்தில் இரண்டாவது கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சில சமயம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும்.

வண்டி 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர், நாலு கியர். அப்பா வாங்கியது, இப்போது என் கையில். தினமும் ஓட்டுகிற வண்டிதான், காட்சிக்கு வைத்திருப்பதல்ல.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். லீவரை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸை இறக்கணும் சார், சிங்க்ரோ போயிருக்கும்" என்று சொல்லி ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள். சிங்க்ரோ என்றால் பாக்ஸுக்குள் கியர்கள் இடிக்காமல் சேர உதவும் வளையம். வண்டிக்கு அடியில் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பழைய மாருதியில் லீவர் ஆடுவதற்கும் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. நடுவில் ஒரு நீளமான ராடும், அதன் மூட்டுகளில் உட்காரும் சின்ன வளையங்களான சில புஷ்களும் இருக்கின்றன. முதலில் தேய்வது அவைதான், விலை குறைவும் அவைதான்.

இந்த வண்டியில் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கிறது. கியர்பாக்ஸும் முன்னாலேயே இருக்கிறது. லீவரோ இரண்டு சீட்டுக்கும் நடுவில். ஆகவே லீவர் நேராகப் பாக்ஸுக்குள் போவதில்லை. லீவரின் நடுப்பகுதியில் ஒரு பந்து, அது பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். பந்துக்குக் கீழே இருக்கும் குட்டை முனையில் கியர் ராடு மாட்டியிருக்கும். லீவரை முன்னும் பின்னும் தள்ளினால் ராடும் முன்னும் பின்னும் போகும். லீவரைப் பக்கவாட்டில் சாய்த்தால் ராடு தன் அச்சில் திரும்பும். எந்த வரிசை என்று தேர்ந்தெடுப்பது இந்தத் திருப்பம். கியரை உள்ளே போடுவது அந்தத் தள்ளல். ஒரே ராடு இரண்டு வேலையும் செய்வதால், பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட்டில் கொஞ்சம் ஆட்டம் வந்தாலும் இரண்டுமே கெட்டுப்போகும். திருப்பம் முழுசாகப் போய்ச் சேராததால்தான் ஒன்றுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. தள்ளல் முழுசாகப் போகாவிட்டால் கியர் பாதி மட்டும் ஏறி நிற்கும். பாதி ஏறிய கியர் கழன்றுகொள்ளத்தானே செய்யும்?

கைப்பிடியில் தெரியும் ஆட்டம் கீழே இருக்கும் உண்மையான தேய்மானத்தைவிடப் பல மடங்கு. பந்துக்கு மேலே லீவர் நீளம், கீழே குட்டை. மேலே இருப்பது கீழே இருப்பதைப்போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், கீழே 1 மி.மீ. தேய்ந்தாலே கைக்கு 5 மி.மீ. ஆடும். மூன்று இடத்தில் ஒவ்வொரு மி.மீ. தேய்ந்திருந்தால் கைப்பிடியில் ஒன்றரை செ.மீ. வந்துவிடும். அதனால் மேலே பயங்கரமாக ஆடுகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு எல்லாம் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது.

கையில் ஸ்பேனரை எடுக்குமுன் கிளட்சைச் சந்தேகப்பட்டுவிட வேண்டும். சோதனை எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கடினமாக இருந்தாலோ, ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்' என்று பல் கடித்தாலோ கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். முதலில் கிளட்ச் கேபிளைப் பார்க்க வேண்டும். அணைத்திருக்கும்போதும் லீவர் அலைந்தால் பிரச்சினை ராடு பக்கம். என் வண்டி இரண்டாவது ரகம்.

அடுத்தது, ஆட்டம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்ணால் பார்ப்பது. இதற்கு ஆள் ஒருவர் வேண்டும். மச்சானை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இன்ஜினை அணைத்து, நான் அடியில் போனேன். இங்கே ஒரு வார்த்தை: ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் படுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்; அது விரிசல் விட்டால் எச்சரிக்கையே தராமல் நொறுங்கும். மாருதி சின்ன வண்டிதான், ஆனால் 650 கிலோ நெஞ்சில் இறங்கினால் சின்னது பெரியது என்றில்லை. இரும்பு ஸ்டாண்டு இரண்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல், கை பிரேக். சைலன்சர் குழாய் ஆறியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மெதுவா ரெண்டுல போடு மச்சான்... இப்ப நியூட்ரல்... திரும்ப ரெண்டு."

டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. மேலே லீவர் நகர ஆரம்பித்து ராடும் நகர்கிறது. ஆனால் பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு சும்மா நிற்கிறது. ராடின் கண், அதாவது முனையில் துளை இருக்கும் பகுதி, அந்த ஜாயிண்ட்டுக்குள் 'டொக்' என்று ஒரு பக்கம் போய் முட்டிய பிறகுதான் தண்டு அசைகிறது. பக்கவாட்டில் ஆட்டச் சொன்னபோதும் அதே கதை. ஜாயிண்ட்டை மூடியிருக்க வேண்டிய ரப்பர் பூட் கிழிந்து, மேல்பாதி மட்டும் பாவாடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் மழைத் தண்ணீரில் ஓடிய வண்டி. பூட் கிழிந்த அன்றைக்கே புஷ்ஷின் கதை முடிந்திருக்கும். மணலும் சேறும் கிரீஸோடு கலந்தால் அது பாலிஷ் போடும் பசைதான்.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. 10, 12, 14 ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், துருவுக்கு டபிள்யூடி-40. உள்ளே லீவரைச் சுற்றியிருக்கும் ரப்பர் கவரை எடுத்தால் லீவர் ஹவுசிங் தெரியும். அதன் போல்ட்களைத் தளர்த்தும் முன், ஹவுசிங் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் மார்க்கரில் கோடு போட்டுவைத்தேன். ஹவுசிங் கொஞ்சம் முன்னே பின்னே நகர இடம் உண்டு. பழைய இடம் தெரியாமல் மாட்டினால் ஒரு பக்கத்துக் கியர்கள் முழுசாக ஏறாது. அடியில் பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட் போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன். மறுநாள் முனகிக்கொண்டே வந்தது.

கையில் வந்ததைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. புஷ் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாகக் கருப்பாக நாலைந்து துண்டு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் இரும்பு ஸ்லீவ் (போல்ட் நுழையும் குட்டைக் குழாய்) ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டு போலத் தேய்ந்திருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் தேயாத இடத்துக்கும் தேய்ந்த இடத்துக்கும் அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம். அதைவிட மோசம் ராடின் கண். புஷ் போனபிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருந்ததால் இரும்பும் இரும்பும் உரசி, வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. லீவர் பக்கம் அவ்வளவு மோசமில்லை. பந்து உட்காரும் கிண்ணத்தில் விரிசல், கீழ்முனை புஷ்ஷில் மிதமான தேய்மானம்.

சென்னையில் ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் மாருதி 800-க்கு கியர் லீவர் புஷ் கிட் கேட்டால் இன்னும் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்க்குள். இந்த உடல் வடிவத்தில் 1986-லிருந்து 2014 ஜனவரி வரை வந்த வண்டி, ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. தரம்தான் கடைக்குக் கடை வேறுபடுகிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற புஷ்ஷை வாங்காதீர்கள். கிட்டில் வந்த கிண்ணமும் லீவர் பக்கத்துப் புஷ்ஷும் நன்றாகப் பொருந்தின. ஆனால் பாக்ஸ் பக்கத்துப் புஷ் முட்டை வடிவத் துளையில் லொடலொடவென்று நின்றது. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். புதுப் புஷ்ஷைத் திணித்து மாட்டிவிட்டால் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருக்கும். வட்டமில்லாத துளையில் ஓரமாக மட்டும் பாரம் தாங்கி அது சீக்கிரமே நசுங்கிப்போகும். கிட் சரியில்லை என்று பழியும் அதன் மேல் விழும்.

வழிகள் இரண்டு. பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் தேய்வில்லாத பழைய ராடு ஒன்றைத் தேடிப்பிடிப்பது ஒன்று. தேடினேன், அங்கே தொங்கிய ராடுகளின் கண்கள் என்னுடையதைவிட நல்ல நிலையில் இல்லை. எல்லாம் ஒரே நோயில் செத்த வண்டிகள்தானே. மற்றது, துளையை வட்டமாகப் பெரிதாக்கி அதற்கேற்ற புஷ்ஷைக் கடைந்து போடுவது. அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறைக்கு ராடு, ஸ்லீவ், போல்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். புஷ்ஷை மட்டும் எடுத்துப் போகாமல் அது சேரும் சாமான் அத்தனையும் எடுத்துப் போவது நல்லது. லேத்காரர்கள் அளவைவிடப் பொருத்தத்தைத்தான் நம்புவார்கள்.

கன்மெட்டலில் போட்டுவிடலாமா என்று கேட்டேன். ஆயுசுக்கும் தேயாதே என்ற ஆசை.

பட்டறைப் பெரியவர் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போடலாம் சார். அப்புறம் இன்ஜின் அதிர்றது மொத்தமும் உங்க கைக்கு வரும். லீவர் ஜிங்குஜிங்குன்னு பாடிக்கினே இருக்கும். டெல்ரின்ல போடுங்க."

டெல்ரின் ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக். அவர் சொன்னது சரி. மூன்று சிலிண்டர் இன்ஜின், ஐடிலில் வண்டியே நடுங்கும். உலோகப் புஷ் அந்த நடுக்கத்தை அப்படியே கடத்தும். கிரீஸ் காய்ந்ததும் தன்னோடு சேர்த்து ஸ்லீவையும் தின்னும். நைலான் நல்ல பொருள்தான், ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் ஊதும். இறுக்கமாகக் கடைந்த புஷ் மழைக்காலத்தில் இன்னும் இறுகும். டெல்ரின் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, வழுவழுப்பு, வெட்டுவதற்கும் சுலபம். தடிமனான வெள்ளை ராடாகக் கடைகளில் கிடைக்கிறது.

ராடு நீளமானது, லேத் சக்கில் மாட்டிச் சுற்ற முடியாது. டிரில்லிங் மெஷின் மேசையில் வைஸில் கட்டி, கண்ணின் நடுப்புள்ளியைப் பழைய தேயாத ஓரத்தை வைத்துக் கண்டுபிடித்து, துளையை அளவாகச் செதுக்கும் ரீமரை விட்டார். நடுவைப் பிடிப்பதற்குத்தான் அவருக்கு நேரம் போனது, வெட்டுவதற்கல்ல. தேய்ந்த பக்கத்தை நடு என்று எடுத்துக்கொண்டிருந்தால் ராடின் நீளமே மாறியிருக்கும். பிறகு டெல்ரினில் வெளிவிட்டம் சற்றுக் கூடுதலாக வைத்துக் கடைந்து, வைஸிலேயே அழுத்தி ஏற்றினார். ஏற்றியபின்தான் உள்துளையைக் கடைசி அளவுக்கு எடுத்தார். அழுத்தி ஏற்றும்போது பிளாஸ்டிக்கின் உள்விட்டம் சுருங்கும். முதலிலேயே அளவாகத் துளை போட்டிருந்தால் ஸ்லீவ் நுழையாது.

ஸ்லீவையும் புதிதாகக் கடையச் சொன்னேன். அதன் நீளம்தான் இந்த வேலையின் உயிர். இரும்பு ஸ்லீவ் டெல்ரின் புஷ்ஷைவிட மிகக் கொஞ்சம், சுமார் 0.2 மி.மீ., நீளமாக இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது ஜாயிண்ட்டின் இரண்டு கன்னங்களும் ஸ்லீவைக் கவ்விப் பிடிக்கும். அப்போது போல்ட், ஸ்லீவ், கன்னம் மூன்றும் ஒரே துண்டாகிவிடும்; புஷ் மட்டும் ஸ்லீவின் மேல் சுதந்திரமாகத் திரும்பும். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் கன்னங்கள் பிளாஸ்டிக்கை நசுக்கும், லீவர் கல்லாகிவிடும். அது கஷ்டமாக இருக்கிறதே என்று நட்டைத் தளர்த்திவிடுவார்கள். தளர்ந்த போல்ட் துளையைத் தின்ன ஆரம்பிக்கும். பழைய மாருதிகள் பலவற்றில் அந்த நட் ஏன் எப்போதும் லூசாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பட்டறையிலேயே போல்ட்டைப் போட்டு முழுசாக இறுக்கிப் பார்த்தோம். ராடைத் தூக்கிவிட்டால் தன் கனத்திலேயே மெதுவாகக் கீழே சாய்ந்தது. விரலால் ஆட்டினால் ஆட்டமில்லை. அவ்வளவுதான் வேண்டும்.

இனி எக்ஸ்டென்ஷன் ராடு. கியர் ராடுக்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு ராடு இது. கியரைப் போடுவதில் இதற்கு நேரடி வேலை எதுவும் இல்லை. அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதன் வேலை வேறு. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜினும் பாக்ஸும் சேர்ந்து, அவற்றைத் தாங்கும் ரப்பர் மவுண்டின் மேல் ஒரு பக்கம் உருளும், காலை எடுத்தால் மறுபக்கம் உருளும். லீவர் மட்டும் பாடியோடு அசையாமல் நின்றால், இன்ஜின் உருளும் ஒவ்வொரு தடவையும் கியர் ராடைத் தானே இழுக்கும், தள்ளும். போட்ட கியரைக் கழற்றிவிடவும் செய்யும். அதைத் தடுக்கத்தான் எக்ஸ்டென்ஷன் ராடு லீவர் ஹவுசிங்கைப் பாக்ஸோடு பிணைத்துவைக்கிறது. இன்ஜின் நகர்ந்தால் லீவரின் ஆதாரமும் கூடவே நகரும்; இரண்டுக்கும் இடையே தூரம் மாறாது. என் வண்டியில் இந்த ராடின் பாக்ஸ் முனையில் இருந்த ரப்பர் கெட்டியாகி, விலகி, ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. மேம்பாலத்து இறக்கத்தில் இரண்டாவது கியர் கழன்றதற்கு உண்மையான காரணம் சிங்க்ரோ இல்லை, இதுதான்.

இந்த இடத்திலும் டெல்ரின் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இங்கே ரப்பருக்கு வேலை இருக்கிறது. இது சுழலும் மூட்டு இல்லை. அதிர்வை விழுங்கும் மூட்டு. கெட்டியாக்கினால் இன்ஜின் நடுக்கம் ஹவுசிங் வழியாகத் தரைத்தகட்டுக்கு வந்து வண்டி முழுக்க ஊளையிடும். ஒரிஜினல் ரப்பரையே வாங்கிப் போட்டேன். மேலே சிலிகான் கிரீஸ் லேசாக. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பதம் கெடுக்கும். டெல்ரின் புஷ்ஷுக்கு உள்ளே லித்தியம் கிரீஸ் போதும்.

மாட்டும்போது ஜாயிண்ட்டுக்குப் புது நைலாக் நட். பழைய நட்டைத் திரும்பப் போட்டால் அதன் நைலான் வளையத்தில் பிடிப்பு இருக்காது. கிழிந்த பூட்டுக்குச் சரியான அளவு கடையில் கிடைக்கவில்லை. சைக்கிள் டியூப்பில் ஒரு சாண் வெட்டி, ராடில் முன்கூட்டியே நுழைத்துவைத்து, போல்ட் இறுக்கியபின் ஜாயிண்ட்டின் மேல் இழுத்து இரண்டு முனையிலும் ஜிப் டை போட்டேன். கீழ்ப்பக்கம் ஊசியால் ஒரே ஒரு துளை. உள்ளே தண்ணீர் போய்விட்டால் வெளியே வர வழி வேண்டுமே. பார்க்க அழகாக இல்லை. ஆனால் வண்டிக்கு அடியில் அழகு பார்க்க யார் வரப்போகிறார்கள்?

அங்கே இருக்கும்போதே பாக்ஸ் தண்டின் ஆயில் சீலையும் பார்த்துக்கொண்டேன். ஜாயிண்ட் தறிகெட்டு ஆடும்போது தண்டும் ஓரமாக அழுத்தப்பட்டு சீல் கசிய ஆரம்பிக்கும். எனக்கு லேசான ஈரம் மட்டும். துடைத்துவிட்டு, லெவல் பிளக்கைத் திறந்து கியர் ஆயில் விளிம்பு வரை இருக்கிறதா என்று பார்த்து மூடினேன்.

கடைசியாக ஹவுசிங். வெள்ளைக் கோட்டில் வைத்து லேசாக முடுக்கி, நியூட்ரலில் லீவர் நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். நிற்கவில்லை, சற்று முன்னால் சாய்ந்தது. பழைய கோடு தேய்ந்த புஷ்களோடு சமரசம் செய்துகொண்ட இடம் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. ஹவுசிங்கை மிகக் கொஞ்சம் நகர்த்தி, ஒன்றிலும் இரண்டிலும் மாறிமாறிப் போட்டு, இரண்டு பக்கமும் லீவர் எதிலும் முட்டாமல் கியர் முழுசாக உட்காருகிற இடத்தில் இறுக்கினேன். கியர் உட்கார்ந்தபிறகும் லீவருக்கு இன்னும் கொஞ்சம் போக இடம் மிச்சமிருக்க வேண்டும். லீவர் முதலில் முட்டிவிட்டால் கியர் பாதியில் நிற்கிறது என்று பொருள்.

ஓட்டிப் பார்த்தபோது லீவரில் ஆட்டம் முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. புது வண்டியிலேயே இந்த லீவருக்குக் கொஞ்சம் அசைவு உண்டு. மச்சானின் பக்கத்து வீட்டு 2005 மாடலிலும் கேட்டு வாங்கி ஆட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்ட என்னுடையது போலத்தான். ஆனால் ஒன்றும் மூன்றும் இப்போது தனித்தனி இடம். ரிவர்ஸ் ஒரே தள்ளலில் விழுகிறது. கத்திப்பாரா மேம்பாலத்தில் இரண்டாவதில் இறங்கி, வேண்டுமென்றே காலை எடுத்தும் அழுத்தியும் பார்த்தேன், கியர் அசையவில்லை.

மிச்சமிருப்பது ஒன்று. பானட்டைத் திறந்து, மச்சானை விட்டு ஆக்சிலேட்டரை வெடுக்கென்று அழுத்தச் சொன்னால் இன்ஜின் தேவைக்கு அதிகமாகவே உருள்கிறது. பின்பக்க மவுண்டின் ரப்பரில் வெடிப்பு தெரிகிறது. எக்ஸ்டென்ஷன் ராடு இப்போது ஈடுகொடுத்தாலும் புது ரப்பர் மேல் அந்தப் பாரம் முழுக்க விழும். மவுண்ட் சொல்லிவைத்திருக்கிறேன், வந்ததும், எப்படியும் கழற்ற வேண்டியிருக்கும் கிளட்ச் கேபிளோடு சேர்த்து அதையும் மாற்றிவிடலாம்.